வேதரத்தினம் படுத்த அஞ்சடி

தீவுகளுக்குக் கால் இருந்த காலம் அது. மாடு புல்வெளியில் மேய்வதுபோல அவை கடலில் மேய்ந்துகொண்டிருக்கும். காலையில் ஓரிடத்தில் பார்த்த தீவை மாலையில் வேறிடத்தில் பார்க்கலாம். "அந்தத் தீவுக்கு வலப்பக்கம் திரும்பு" என்று எந்த மாலுமியும் வழி சொல்லமாட்டான். சொன்னது காதில் விழுந்தால் போதும், தீவு வீம்புக்கு இடப்பக்கம் போய் நின்றுகொள்ளும். மலை பேசும், மரம் பேசும். கடலோ பேசாத நேரமே கிடையாது.

அப்படி மேய்ந்த தீவுகளில் ஒன்றுக்குக் கால் வலி வந்தது. ஆமை மாதிரி உருவம், நடுவில் ஒரு மலை, மலையைச் சுற்றிக் கமுகங்காடு. அவ்வளவுதான் அதன் சொத்து. மலாய்க் கரைக்கு எதிரே, அக்கரையில் மீன் வறுத்தால் இக்கரையில் மணக்கிற தூரத்தில், அது சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டது. இனி ஒரு அடி நகரமாட்டேன் என்றது.

கடலுக்கு இது பிடிக்கவில்லை. உட்கார்ந்துவிட்டால் நீ தீவு இல்லை, நிலம் என்றது. நிலம் என்றால் அதற்கு விருந்தாளி வரவேண்டும். ஒருவரும் வராத நிலம் வெறும் கல். அடுத்த கச்சான் என்கிற மேல்காற்று ஓய்ந்து மழை பிடிக்கிற நாளில் நான் வந்து பார்ப்பேன். அதற்குள் ஒரு மனிதராவது வந்திருக்க வேண்டும். முதலில் வந்தவர் முகம் சுளித்துத் திரும்பியிருக்கவும் கூடாது. இரண்டில் ஒன்று தவறினாலும் உன்னை உள்ளே இழுத்துக்கொள்வேன். இதுதான் கடல் சொன்னது.

தீவு நடுங்கிப் போயிற்று. அதன் தலையாகிய மலை எல்லோரையும் கூட்டி வேலை பிரித்துக் கொடுத்தது. மலை தானே கழுத்தை நீட்டி, தூரத்துக் கப்பலுக்கும் தெரிகிற உயரத்துக்கு எழுந்து, ஒரு மேகத்தைப் பிடித்துத் துண்டுபோல ஆட்ட ஆரம்பித்தது. கொடிமலை என்று இன்றைக்கு ரயிலில் ஏறிப் போய்ப் பார்க்கிறார்களே, அதுதான். போகிறவர்கள் மேகத்தைத் தொட்டுப் பாருங்கள், கசங்கித்தான் இருக்கும். மலையடியில் இருந்த ஓடை, கண்ணால் பார்க்காதவன் காதால் கேட்கட்டும் என்று பாறையிலிருந்து குதித்துச் சலங்கை கட்டிக்கொண்டது. வடகரை தன் மணலையெல்லாம் உதறிப் பாய் விரித்தது. ஜாதிக்காய் சிவப்புப் பட்டுச் சேலையை உள்ளுக்குள் கட்டிக்கொண்டு, யாராவது உடைத்துப் பார்க்கமாட்டார்களா என்று காத்திருந்தது. பச்சைப் பாம்புகள் கூடிப் பேசி, விருந்தாளி பயந்துவிடக் கூடாது என்று கிளைகளில் சுருண்டு கண்ணை மூடிக்கொண்டன. அந்தத் தீவின் பாம்புக் கோயிலில் இப்போதும் அப்படியேதான் கிடக்கின்றன. பகலில் எழுப்பிப் பார்க்காதீர்கள், சத்தியத்தைக் காப்பாற்றிக்கொண்டிருக்கின்றன. டுரியான் பழம் தன் வாசனையைக் காற்றில் அனுப்பியது. அந்த நாற்றம் மூக்கில் ஏறியதும், வந்துகொண்டிருந்த இரண்டு கப்பல்கள் திரும்பிப் போனதாகச் சொல்வார்கள். நான் பார்க்கவில்லை, அதனால் பழியைச் சுமத்த மாட்டேன்.

கமுகுக்கு மட்டும் ஒரு வேலையும் கிடைக்கவில்லை. நிழலும் இல்லை, பூவும் பெரிதில்லை, உயரத்தைத் தவிர ஒன்றும் இல்லை. சும்மா நின்றால் போதும் என்று மலை சொல்லிவிட்டது. அது நின்றது. வாடைக் காற்று அடித்தபோது பழுத்த குலையொன்று கழன்று கடலில் விழுந்தது. குலை சிதறி, பாக்குகள் மிதந்து, ஆளுக்கொரு திசையில் போயின. கமுகு அதைக் கவனிக்கக்கூட இல்லை.

அதில் ஒரு பாக்கு கோடியக்கரை மணலில் போய் ஒதுங்கியது. ஒதுங்கிய இடத்தில் ஒரு மனிதர் குந்தியிருந்தார். பெயர் வேதரத்தினம். தோணிக்காரர். ரோஷத்தில் அந்தக் கரையிலேயே அவருக்கு ஈடு கிடையாது. பந்தியில் இரண்டாவதாகக் கூப்பிட்டால் எழுந்து போய்விடுவார். தலையை ஆட்டிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கமாட்டார். அன்றைக்கு அவருடைய மனைவி செங்கமலத்தின் அண்ணன் வீட்டில் கல்யாணம். அண்ணன்காரர் வேலை மும்முரத்தில் நேரில் வராமல், மச்சானிடமும் சொல்லிவிடு என்று ஒரு வலைக்காரனிடம் சொல்லியனுப்பிவிட்டார். வெற்றிலை பாக்கு வைத்து அழைக்காத வீட்டுக்கு வேதரத்தினம் போவாரா? கடற்கரையில் வந்து உட்கார்ந்துவிட்டார். செங்கமலமும் போக முடியவில்லை. அண்ணன் மகளுக்குத் தாலி ஏறும் நேரத்தில் அதே மணலில் அவள் கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். அன்று பட்டப்பகலில் அந்தக் கருவாடு தீய்ந்தது அவளுடைய கோபத்தால்தான், வெயிலால் இல்லை.

அப்போதுதான் அலை அந்தப் பாக்கைக் கொண்டுவந்து அவர் காலடியில் வைத்தது. எறியவில்லை, வைத்தது. வேதரத்தினம் எடுத்துப் பார்த்தார். இந்தக் கரையில் விளைகிற பாக்கு இல்லை. அவர் மெல்ல எழுந்தார்.

"பார்த்தியா செங்கமலம். சொந்த மச்சானுக்குத் தெரியாத மரியாதை கடலுக்கு அந்தாண்ட யாருக்கோ தெரிஞ்சிருக்கு. வாசல் தேடிப் பாக்கு வச்சிருக்காங்க."

அது தானாக ஒதுங்கியதாக இருக்கும் என்று அவள் சொல்லிப் பார்த்தாள். தானாக ஒதுங்கினால் நேராகக் காலடிக்கு ஏன் வருகிறது என்று அவர் கேட்டார். பாக்கு வாங்கிய பிறகு போகாமல் இருப்பது பாவம் என்றார். கச்சான் காற்று எழுந்ததும் தோணியில் பாய் கட்டினார். அவரைத் தனியாக அனுப்பினால் வழியில் மீனோடு சண்டை பிடித்துத் திரும்பிவிடுவார் என்று செங்கமலமும் ஏறிக்கொண்டாள். வெற்றிலை இல்லாமல் அவளுக்குப் பொழுது போகாது. அதனால் வேர்பிடித்த வெற்றிலைக் கொடி ஒன்றைச் சட்டியில் வைத்து எடுத்துக்கொண்டாள். நாற்பது நாள் பயணம். வழியில் அங்கங்கே ஒன்றிரண்டு பாக்கு மிதந்துகொண்டிருந்தது. வழி தெரிவதற்காக வைத்திருக்கிறார்கள், எவ்வளவு கரிசனம் என்று வேதரத்தினம் ஒவ்வொரு முறையும் கண் கலங்கினார். கடைசியில் ஒரு விடியற்காலையில், பால்போன்ற பனிக்கு நடுவில், மேகத்தை ஆட்டுகிற ஒரு மலை தெரிந்தது.

தீவு மூச்சைப் பிடித்துக்கொண்டது. தோணி மணலைத் தொட்டது. ஆனால் மனிதர் இறங்கவில்லை. தோணியில் நின்றபடியே, என்னை அழைத்தது யார் என்று கேட்டார். கமுகு வாயைத் திறக்கப் போயிற்று. மலை அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நாங்கள் எல்லோரும்தான், வாருங்கள், வாருங்கள் என்றது.

"பாக்கு வந்துச்சு. வெத்தலை எங்கே? பாக்கை மட்டும் வச்சு அழைக்கிறது எந்த ஊரு மரியாதை?"

அவர் பாய்க்கயிற்றைப் பிடித்தார். திரும்பப் போகிறார். ஓடை சலங்கையை நிறுத்திவிட்டது. செங்கமலம் சட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் இறங்கினாள்.

"பாக்கு அவங்க வச்சாங்க, வெத்தலையை நாம வச்சாப் போச்சு. நாற்பது நாளா உங்க முதுகைப் பார்த்துக்கிட்டு வந்திருக்கேன். எனக்குத் தரை வேணும். இறங்குங்க."

அவர் இறங்கினார். வெற்றிலைக் கொடியை அவள் ஒரு கமுகின் அடியில் ஊன்றினாள். கொடி மரத்தைப் பிடித்து ஏறியது. கமுகுக்கு முதல் தடவையாக உடம்பு கூசியது.

மூன்று மாதம் நல்லபடியாகப் போயிற்று. கமுகுப் பலகையில் வீடு கட்டிக்கொண்டார்கள். வேதரத்தினம் காலையில் எழுந்து மலையைப் பார்த்து ஒரு கும்பிடு, மணலைப் பார்த்து ஒரு தலையசைப்பு என்று, கல்யாண வீட்டில் முதல் வரிசையில் உட்கார்ந்தவர் மாதிரி நடமாடினார். என்னை வாசல் தேடி அழைத்தார்கள் என்று நண்டுகளிடம்கூடச் சொன்னார்.

ஒரு நாள் எதிர்க்கரையிலிருந்து அவாங் என்ற மலாய் மீனவர் படகில் வந்து இறங்கினார். கையில் ஒரு பாக்கு. தங்கள் பேச்சில் இதற்குப் பினாங்கு என்று பெயர், தங்கள் பக்கத்தில் பாக்கு அனுப்பினால் பெண் கேட்கிறார்கள் என்று பொருள், தன் மகளைக் கேட்ட மாப்பிள்ளை யார், கொஞ்சம் வெளியே வரச் சொல்லுங்கள் என்றார். மாப்பிள்ளை வேஷத்துக்கு அங்கே உடும்புதான் இருந்தது. அது புதருக்குள் போய்விட்டது. அந்தப் பேச்சு முடிவதற்குள் சீனக் கரையிலிருந்து ஆ ஹோக் என்ற தச்சர் வந்து சேர்ந்தார். அவர் கையிலும் பாக்கு. அவருடைய ஊரில் சண்டை போட்டவர்கள் மன்னிப்புக் கேட்கப் பாக்குக் கொடுப்பார்களாம். யாரோ பெரிய மனது வைத்து மன்னிப்புக் கேட்டிருக்கிறார்கள், யாரோடு சண்டை போட்டேன் என்றுதான் ஞாபகம் வரவில்லை, முகத்தைப் பார்த்தால் வந்துவிடும் என்று வந்திருக்கிறார்.

வேதரத்தினம் மூன்று பாக்குகளையும் வரிசையாக வைத்துப் பார்த்தார். மூன்றும் ஒரே மாதிரி. அவருக்குக் காது சிவந்தது. நேராகக் கமுகிடம் போனார். இதில் யாருக்கு வைத்த பாக்கு, உண்மையைச் சொல் என்றார்.

உமக்கு வைத்தேன், அவருக்கு வைத்தேன் என்று ஏதாவது சொல் என மலை மேலிருந்து முணுமுணுத்தது. அந்த ஒரு வார்த்தையில்தான் தீவின் உயிர் இருந்தது. கமுகு மலையைப் பார்த்தது, அவரைப் பார்த்தது. பிறகு சொன்னது:

"வளைத்துப் பேச எனக்கு வராது ஐயா. உடம்பிலேயே ஒரு வளைவு கிடையாது, பாருங்கள். அது நான் வைத்ததில்லை. காற்றில் விழுந்தது."

அவாங் சிரித்துவிட்டார். மகளைக் கட்டிக்கொடுக்க வேண்டியதில்லை என்ற நிம்மதி. ஆ ஹோக்குக்கும் நிம்மதிதான், யாரோடும் சண்டை இல்லை. வேதரத்தினம் மட்டும் சிரிக்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தோணியை நோக்கி நடந்தார். அவர் முகம் சுளித்திருந்ததைத் தூரத்திலிருந்தே கடல் பார்த்துவிட்டது. மணலில் நாலு முழம் ஏறி வந்து நின்றது.

செங்கமலம் ஓடிப்போய் வழியை மறிக்கவில்லை. கடல் வைத்த கெடுவை மலை அவளிடம் முன்பே புலம்பியிருந்தது. இருந்த இடத்திலிருந்தே சொன்னாள். நீங்கள் தோணியில் கால் வைத்தால் இந்த மரமெல்லாம் முழுகும், நான் ஊன்றிய கொடியும் முழுகும், கூடவே நானும், நான் வரப்போவதில்லை. அண்ணன் வீட்டுக் கல்யாணத்தை உங்கள் ரோஷத்துக்குக் கொடுத்தேன், இந்த வீட்டைக் கொடுக்கமாட்டேன் என்றாள்.

வேதரத்தினம் நின்றார். போனால் ஒரு தீவே சாகும். போகாவிட்டால் அழைக்காத இடத்தில் உட்கார்ந்தவர் என்ற பெயர். ஒரு நாழிகை யோசித்தார். திரும்பி வந்து, வீட்டு வாசலுக்கு வெளியே, சுவரைப் பார்த்தபடி நீட்டிப் படுத்துவிட்டார். கூப்பிடாத வீட்டு வாசல்படியை மிதிக்கமாட்டேன், ஆனால் கிளம்பவும் இல்லை, யோசித்துக்கொண்டிருக்கிறேன் என்றார்.

அப்படியே ஐந்து நாள் கிடந்தார். சோறு வெளியே வந்தது. வெற்றிலை வெளியே வந்தது. ஆறாவது நாள் கச்சான் ஓய்ந்து வானம் கறுத்தது. செங்கமலம் ஆ ஹோக்கைக் கூப்பிட்டு, இவர் மேல் மழை விழாமல் கூரையை முன்னால் இழுத்துக் கட்டு என்றாள். தச்சரிடம் அளவுகோல் இல்லை. படுத்திருந்தவரின் உச்சிக்கும் குதிகாலுக்கும் கயிறு பிடித்து அளந்தார். சரியாக ஐந்தடி. நாலே முக்கால்தான், மீதி தலைக்கட்டு என்று அவாங் சொன்னார். வேதரத்தினம் அதற்கும் திரும்பவில்லை. அந்த அளவுக்குத் தூண் நட்டு, கமுகு மட்டையால் கூரை வேய்ந்தார்கள். முதல் துளி விழுந்ததும் அவாங்கும் ஆ ஹோக்கும் அதே கூரைக்குள் ஒண்டினார்கள். உள்ளே கூப்பிட்டும் அவர்கள் போகவில்லை. படுத்திருக்கிற மனிதரைத் தாண்டி எப்படிப் போவது?

மழை கொட்டியது. கடல் வந்தது. மணல் போயிற்று, கமுகுகள் முழங்கால் அளவு தண்ணீரில் நின்றன. கூரைக்கு ஒரு கை தூரத்தில் ஒரு கிழவர் வந்து நின்றார். தாடி முழுக்க நுரை. உடம்பிலிருந்து வடிகிற தண்ணீர் நிற்கவே இல்லை. அவர் யார் என்று அவாங்குக்குத் தெரிந்துவிட்டது, தூணைப் பிடித்துக்கொண்டார். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவருக்குத் தெரியவில்லை.

இங்கே முதலில் வந்தவர் யார் என்று கிழவர் கேட்டார். நான்தான் என்றார் வேதரத்தினம். முகம் சுளித்திருக்கிறீரா என்று கேட்டார். ஆமாம் என்றார். உள்ளே செங்கமலம் கண்ணை மூடிக்கொண்டாள். திரும்பிப் போகிறீரா என்று கேட்டார்.

"அது இன்னும் முடிவாகலை. கூப்பிடாத இடத்துக்கு வந்துட்டேன் பெரியவரே. அந்த வலி உங்களுக்குத் தெரியாது."

கிழவர் தாடி நுரையைக் கையால் வழித்தார். குரல் உள்ளே போய், அவர் சொன்னார்:

"எனக்கா தெரியாது? கோடியக்கரையில் உம் காலடியில் அந்தப் பாக்கை வைத்தது யார்? இவர்கள் கரைகளுக்குக் கொண்டுபோனது யார்? ஆயிரம் வாசலுக்குப் பாக்கு சுமந்திருக்கிறேன். என் பெயரைச் சொல்லி ஒருவரும் ஒன்று வைத்ததில்லை. நான் வந்தால் பாய் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு ஓடுகிறார்கள்."

ஆறு நாளில் முதல் தடவையாக வேதரத்தினம் புரண்டு பார்த்தார். எழுந்து உட்கார்ந்தார். அந்த முகத்தை அவருக்குத் தெரியும். ஊரே கல்யாணத்துக்குப் போய்விட்ட அன்று, கோடியக்கரையில் தேங்கிய தண்ணீரில் குனிந்து பார்த்தபோது அவரைத் திரும்பிப் பார்த்த அவருடைய முகமே அது. அவர் கொஞ்சம் நகர்ந்து, பக்கத்தில் இருந்த இடத்தைத் துண்டால் தட்டினார்.

"ஏன் நனைஞ்சுகிட்டு நிக்கிறீங்க? வாங்க. வந்து உக்காருங்க."

கிழவர் இருபுறமும் திரும்பிப் பார்த்தார். வேறு யாரையோ கூப்பிடுகிறார் என்று நினைத்துவிட்டார்.

"என்னையா?"

"உங்களைத்தான். செங்கமலம், வெத்தலை கொண்டா."

அவ்வளவு பெரிய கடல் உடம்பைச் சுருக்கிக்கொண்டு அந்த அஞ்சடிக்குள் வந்து ஓரமாக உட்கார்ந்தது. அவாங்கும் ஆ ஹோக்கும் இடம் விட்டு நகர்ந்தார்கள். செங்கமலம் தட்டில் வெற்றிலையும் பாக்கும் கொண்டுவந்து முதலில் அதற்குத்தான் நீட்டினாள். சுண்ணாம்பு கொண்டுவர மறந்துவிட்டாள். மறந்தாளா, மறந்ததுபோல வந்தாளா, அது அவளுக்கு வெளிச்சம். இதோ நான் எடுத்து வருகிறேன் என்று வேதரத்தினம் எழுந்து, வாசல்படியை மிதித்து, விறுவிறுவென்று உள்ளே போய்ச் சுண்ணாம்புச் செப்போடு வந்தார். விருந்தாளிக்கு ஒன்று குறைந்தால் வீட்டுக்காரனுக்கு வேறு எது ஞாபகம் வரும்? அவர் படி தாண்டியதை எல்லோரும் பார்த்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. மலைகூடப் பேசவில்லை. அதன் ஆயுளில் அது பேசாமல் இருந்தது அந்த ஒரு முறைதான்.

கடல் நிதானமாக மென்றது. உதடு சிவந்தது. மேற்கே அடிவானம் வரைக்கும் அந்தச் சிவப்புப் பரவியது. வெற்றிலை போட்ட வீட்டை எப்படி விழுங்குவது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டது. எழுந்திருக்கும்போது, எப்போதாவது வந்து போகலாமா என்று கூச்சத்தோடு கேட்டது. இந்த அஞ்சடி வரைக்கும் தாராளமாக வாருங்கள், உள்ளே அடுப்பு இருக்கிறது, அதை மட்டும் அணைத்துவிடாதீர்கள் என்றாள் செங்கமலம். தண்ணீர் மெல்ல இறங்கிப் போயிற்று.

மழை விட்டதும் அவாங் பக்கத்தில் ஒரு வீடு கட்டினார். ஆ ஹோக் அதற்கடுத்து ஒன்று கட்டினார். இருவரும் அந்தக் கயிற்றை வாங்கி அதே அளவுக்குக் கூரையை முன்னால் இழுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வீடு கூரை ஒட்டிக்கொண்டே போய்த் தெருவானது, தெரு ஊரானது. ஊரின் பெயரை அவாங்கின் பிள்ளைகள் வைத்தார்கள்: பினாங்கு. அஞ்சடி விடவேண்டும் என்று சட்டம் போட்டது வெள்ளைக்காரன் என்று புத்தகத்தில் எழுதியிருக்கும். எழுதினவர் அன்றைக்கு மழையில் நின்றாரா என்று கேளுங்கள்.

அந்த மழை நாளிலிருந்துதான் பினாங்கில் கீழே கடையும் மேலே வீடுமாகக் கடைவீடு கட்டுகிறவர்கள் தங்கள் வாசலுக்கு முன்னால் அஞ்சடி நிலத்தைக் கூரை போட்டு ஊருக்கு விட்டுவிடுகிறார்கள். அங்கே ஒதுங்குகிறவரிடம் யார் நீ, யார் அழைத்தது என்று ஒருவரும் கேட்பதில்லை.